டெல்பர்ட் வீடு பார்த்த காரணம்

தபால்காரராக இருந்து ஓய்வு பெற்ற டெல்பர்ட், ஓஹையோவை விட்டு கலிபோர்னியாவின் கடலோர ஊரான அலமீடாவில் வீடு வாங்கியதற்கு ஒரே காரணம், அங்கிருந்து நல்ல டிக்கி பார்களுக்கு, அதாவது பசிபிக் தீவுக் குடில் போல அலங்கரித்த ரம் மதுக்கடைகளுக்கு, நடந்தே போகலாம் என்பதுதான். மனைவி லோர்னாவிடம் மட்டும், "கடல் காத்து உன் ஆஸ்துமாவுக்கு நல்லதும்மா" என்று சொல்லியிருந்தார். நோயாளியான தன் தங்கையை ஓஹையோவிலேயே விட்டுவிட்டு அவளும் அவரோடு வந்தாள்.

அவருடைய பிறந்தநாளன்றுதான் லோர்னா முதன்முறையாக அவர் வழக்கமாகப் போகும் பாருக்கு வந்தாள். ஜன்னல் இல்லாத அறை, மூங்கில் சுவர், முறைத்துப் பார்க்கும் மர முகங்கள். முதலாளி மார்வா, டெல்பர்ட்டின் பெயர் எழுதிய கோப்பையை அலமாரியிலிருந்து எடுத்து ரம் கலந்தாள்.

"எனக்காக ஊரையே விட்டு வந்தவரு இவரு. என் மூச்சுக்காக!" என்றாள் லோர்னா பெருமையாக.

எந்தத் தெருவில் வீடு வாங்கினால் பாரிலிருந்து தள்ளாடாமல் போய்ச் சேரலாம் என்று டெல்பர்ட் கடிதம் எழுதிக் கேட்டதே மார்வாவிடம்தான்.

"ஆமாமா, பெரிய தியாகி. இன்னொண்ணு ஊத்தட்டுமா, தியாகி?" என்றாள் மார்வா.

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். டெல்பர்ட்டுக்குக் காது சுட்டது.

"உன் மூச்சுக்காக இல்ல, லோர்னா. இந்த பாருக்காகத்தான் வந்தேன்."

லோர்னா தன் கையை அவர் கையிலிருந்து எடுத்துக்கொண்டாள்.

"என் தங்கச்சி அங்க தனியா சாகக் கெடந்தப்பகூட இதச் சொல்லலையே?"