அத்தை அறையில் ஆண் குரல்கள்

முன்பின் தெரியாத ஒருவர் இன்னொருவரிடம் “இடது பக்கம் திரும்பு” என்று சொல்வதையும், அவர் “இடது பக்கம் திரும்புகிறேன்” என்று பதில் சொல்வதையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பூராவும் உட்கார்ந்து கேட்டிருக்கிறீர்களா? இல்லையென்றால் நீங்கள் ஒழுங்கான குடும்பத்தில் வளர்ந்திருக்கிறீர்கள், வாழ்த்துகள். நாங்கள் கேட்டிருக்கிறோம். குடும்பத்தோடு. அம்மா கையில் ஆட்டுக்கறிப் பிரட்டல் கரண்டியோடு.

அப்போது எனக்கு ஒன்பது வயது. கிள்ளானில் மாடி வைத்த வரிசை வீடு. கீழே அப்பா, அம்மா, நான், யாரும் பார்க்காவிட்டாலும் அலறிக்கொண்டிருக்கும் டிவி. மேலே பின்பக்க அறையில் அத்தை. அத்தை அப்பாவுக்கு ரொம்பவே இளைய தங்கை. தாத்தாவும் பாட்டியும் அடுத்தடுத்துப் போய்விட்டதால், கல்யாணமான வருஷமே அப்பா அத்தையையும் தன்னோடு கூட்டிவந்துவிட்டார். அத்தைக்குப் பின்னித்தான் அப்பா ஜடை போடக் கற்றுக்கொண்டாராம். பிறகு எனக்கும் போட்டுவிட்டார். என் பள்ளிக்கூடப் படங்களைப் பார்த்தால் அவர் இன்னும் கொஞ்சம் கற்றுக்கொண்டிருக்கலாம் என்று தோன்றும்.

அத்தை டிப்ளோமா முடித்துவிட்டு பெட்டாலிங் ஜெயாவில் ஓர் ஆபீஸில் வேலை பார்த்தார். கோமுட்டர் ரயிலில் நசுங்கி வீட்டுக்கு வந்ததும் குளிப்பார், ஒரு மக் மைலோவை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போவார், கதவைச் சாத்துவார். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து அத்தையின் குரல் கேட்கும். அதைத் தொடர்ந்து ஓர் ஆண் குரல்.

விஷயம் இதுதான். பழைய சாமான் சந்தையில் அத்தை ஒரு பெரிய ரேடியோ வாங்கியிருந்தார். பாட்டு வரும் ஸ்டேஷன்களைத் தாண்டித் திருப்பினால் அதில் விமானங்கள் பேசுவதும் வரும். சுபாங் விமான நிலையத்தில் இறங்க வருகிற விமானங்கள் வானத்தில் இருப்பதால் விமானியின் குரல் பக்கத்து அறையில் பேசுவது போலத் தெளிவாக இருக்கும். அவர்களுக்கு உத்தரவு கொடுக்கும் கட்டுப்பாட்டுக் கோபுரத்துக் குரலோ வெறும் கரகரப்புத்தான். அந்தக் கரகரப்பின் இடத்தில் அத்தை தன் குரலைப் போட்டுக்கொள்வார். ஒரே பாதையில் வரும் விமானங்களுக்கு ஏறக்குறைய ஒரே மாதிரி உத்தரவுதானே. நாலு நாள் கேட்டால் மனப்பாடம் ஆகிவிடும். அதனால் அத்தை ஒரு நொடி முந்திக்கொண்டு, “டர்ன் லெஃப்ட், ஹெடிங் டூ செவன் ஸீரோ” என்பார். உடனே ஓர் ஆண் குரல் பவ்வியமாக, “லெஃப்ட், ஹெடிங் டூ செவன் ஸீரோ” என்று சொல்லும்.

எனக்கு அந்த அறையில் நுழைய அனுமதி உண்டு. நிபந்தனை, வாயைத் திறக்கக்கூடாது. அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். அவரிடம் ஒரு வாக்கி டாக்கி இருந்தது, அவர் பேசினால் ஆட்கள் பதில் சொன்னார்கள். அத்தையிடம் அதைவிடப் பெரியது இருந்தது, அவ்வளவுதான். கிள்ளானில் ஒரு பின்பக்க அறையில் உட்கார்ந்துகொண்டு என் அத்தைதான் சுபாங் விமானங்களை எல்லாம் இறக்குகிறார் என்று நான் மனதார நம்பினேன். வகுப்பில்கூடச் சொல்லிவைத்திருந்தேன்.

“இதுல என்னா அத்த இருக்கு? சும்மா பேசிக்கிட்டே இருக்காங்க,” என்று ஒரு நாள் கேட்டேன்.

“யாரும் கத்தல பாரு,” என்றார் அத்தை.

கீழே அப்பா டிவியில் நடுவரைத் திட்டிக்கொண்டிருந்தார்.

அம்மாவுக்குச் சந்தேகம் எப்போது வந்ததென்று தெரியாது. ஒரு சாயந்திரம் நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டே என்னைக் கூப்பிட்டார்.

“அத்த ரூம்ல யாரு பேசறது?”

“ஆம்பளைங்க.”

கிள்ளிய கை நின்றது. “ஆம்பளைங்களா? ஒருத்தன் இல்லையா?”

“நெறைய பேரும்மா. ஒரு சீன அங்கிள், ரெண்டு மூணு மலாய் அங்கிள், ஒரு வெள்ளக்காரன். அத்த என்னா சொன்னாலும் அப்படியே கேக்கறாங்க.”

“என்னா சொல்றா அவ?”

“திரும்புன்னு சொல்றாங்க. மெதுவா வான்னு சொல்றாங்க. கடைசில குட் டே சொல்லி அனுப்பிருவாங்க. அப்புறம் அடுத்த ஆளு.”

நான் சொன்னது ஒவ்வொன்றும் உண்மை. அம்மா அன்றைக்கு நெத்திலியில் உப்பு போட மறந்துவிட்டார்.

அப்பாவுக்குச் செய்தி போனது. அப்பா கத்தவில்லை. அவர் செய்தது அதைவிட மோசம், ரவாங்கில் இருக்கும் பெரியப்பாவுக்கு போன் போட்டார். பெரியப்பாதான் எங்கள் குடும்பத்து ஸ்பெஷல் பிராஞ்ச். யார் எந்தக் காடியில் ஏறி யாரோடு போனார்கள் என்பதெல்லாம் ரவாங்கில் இருந்தபடியே அவருக்குத் தெரியும். இருவரும் பேசி இரண்டு முடிவு எடுத்தார்கள். ஒன்று, அத்தைக்கு ஏற்கனவே பார்த்து வைத்திருந்த மாப்பிள்ளை வீட்டாரை வருகிற வெள்ளிக்கிழமையே வரச்சொல்வது. மாப்பிள்ளை எங்கள் தாமான் குடியிருப்பிலேயே, ராத்திரிச் சந்தை பாசார் மாலாம் போடும் ரோட்டுக்கு அந்தப் பக்கம், சொந்தமாக லோரி வைத்திருந்தார். இரண்டாவது, அதற்கு முன்னால் அந்த ஆண்கள் யார் என்று கண்டுபிடிப்பது.

ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா வந்தார். உளவு பார்க்க வருகிறவருக்கும் விருந்து வைக்க வேண்டும் என்பதால் அம்மா ஆட்டுக்கறி வாங்கியிருந்தார். சாப்பாட்டுக்கு முன்னாலேயே வானம் இருட்டிக்கொண்டு மழை பிடித்தது. மாடியில் கதவு சாத்தியிருந்தது. உள்ளே ஓர் ஆண் குரல்.

பெரியப்பா செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு படியேறினார். பின்னால் அப்பா. அவர் பின்னால் பிரட்டலைக் கிளறிக்கொண்டிருந்த அம்மா, கரண்டியைக் கீழே வைக்கத் தோன்றாமல். எல்லோருக்கும் முன்னால் நான், ஏனென்றால் எனக்கு வழி தெரியும் என்று நான்தான் சொல்லியிருந்தேன். ஒரே ஒரு மாடிப்படிக்கு.

பெரியப்பா கதவைத் தள்ளித் திறந்தார். அத்தை தரையில் உட்கார்ந்திருந்தார். எதிரே ரேடியோ. அதன் ஆன்டெனா ஒரு துணி மாட்டும் கம்பியோடு சேர்த்து ஜன்னல் கிரில்லில் கட்டப்பட்டிருந்தது.

“எங்க அவன்?” என்றார் பெரியப்பா.

“யாருண்ணே?”

பெரியப்பா அலமாரிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். அந்த இடுக்கில் ஒரு பூனைகூட நிற்க முடியாது. அந்த நேரம் பார்த்து ரேடியோவில் ஓர் ஆள் தெளிவாக, நிதானமாக ஏதோ சொன்னார். பெரியப்பா திரும்பி ரேடியோவையும் அத்தையையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இதுதானா?” என்றார், கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

“பிளேன் ஓட்டறவருண்ணே. சுபாங்ல எறங்க வந்தாரு. மழைல ஓடுபாத தெரியல, காத்துக்கிட்டு இருக்கச் சொல்லிட்டாங்க. நம்ம தலைக்கு மேலதான் எங்கியோ சுத்திக்கிட்டு இருக்காரு.”

எல்லோரும் கூரையைப் பார்த்தோம். மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

“எவ்ளோ நேரமா?” என்று அப்பா கேட்டார்.

“ரொம்ப நேரமாண்ணே.”

பெரியப்பா கட்டிலில் உட்கார்ந்தார். அப்பா வாசற்படியில் சாய்ந்து உட்கார்ந்தார். யாரும் யாரையும் உட்காரச் சொல்லவில்லை, ஆனால் எல்லோரும் உட்கார்ந்துவிட்டோம்.

“எண்ண இருக்கா அவன்கிட்ட?” என்றார் பெரியப்பா.

“இருக்கும்ணே. கொறஞ்சா வேற எடத்துக்குப் போயிருவாங்க.”

“எதுக்கும் ஒரு வார்த்த கேட்டுப் பாரு.”

“நான் கேக்க முடியாதுண்ணே. இதுல கேக்கத்தான் முடியும், பேச முடியாது.”

அங்கே நான் உடைந்து போனேன். யாரும் கவனிக்கவில்லை. வகுப்பில் என்ன சொல்வது என்பதுதான் எனக்கு அப்போதைய கவலை.

“உள்ள சின்னப் புள்ளைங்க இருக்குமா?” என்று அம்மா கேட்டார்.

“இருக்கும் அண்ணி. பினாங்குலேருந்து வருது.”

அதற்குப் பிறகு அம்மா கரண்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். கரகரப்பு வரும், விமானி திருப்பிச் சொல்வார், மறுபடி கரகரப்பு. பெரியப்பாவுக்குப் பொறுக்கவில்லை.

“ஏன் இவன் சொன்னதையே சொல்றான், கிளிப்புள்ள மாதிரி?”

“திருப்பிச் சொன்னாத்தான் கேட்டுச்சுன்னு அவங்களுக்குத் தெரியும்ணே. தப்பா சொன்னா, பாதிய முழுங்கிட்டாகூட விடமாட்டாங்க. முழுசா சொல்ற வரைக்கும் மறுபடி மறுபடி கேப்பாங்க.”

“எங்க போர்ட்ல யாரும் திருப்பிச் சொல்லமாட்டான். கெட்ட வார்த்ததான் சொல்லுவான்,” என்றார் அப்பா.

கடைசியில் மழை கொஞ்சம் விட்டது. அந்த ஆள் ஓடுபாதை தெரிகிறது என்றார். கரகரப்பு. இறங்குகிறேன் என்றார். பிறகு ரொம்ப நேரம் ஒன்றுமே இல்லை. ஐந்து பேரும் ஒரு பழைய ரேடியோவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அதே குரல், துளிகூட மாறாமல், இறங்கிவிட்டதாகச் சொல்லி குட் டே சொன்னது.

அம்மா முருகா என்றார். உடனே மூக்கைச் சுளித்துக்கொண்டு கீழே ஓடினார். பிரட்டல் அடிப்பிடித்திருந்தது.

பெரியப்பா ஏதோ தானே விமானத்தை இறக்கியது போல நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அப்பா எழுந்து சாரோங்கை இறுக்கிக் கட்டினார்.

“சரி, ரேடியோதானே. நல்லதாப் போச்சு. வெள்ளிக்கெழம அவங்க வராங்க, நீ ஆபீஸுக்கு லீவு சொல்லிரு.”

“வெள்ளிக்கெழம எனக்கு இன்டர்வியூ இருக்குண்ணே.”

“என்னா இன்டர்வியூ?”

“சொன்னேன்ல. இந்த வேலைக்கு, விமானத்துக்கு உத்தரவு குடுக்கற வேலைக்கு. பரிட்ச எழுதினேன், பாஸாயிட்டேன், புத்ராஜெயாவுக்கு வரச்சொல்லியிருக்காங்க. எல்லாம் சொன்னேன்.”

அத்தை சொல்லியிருந்தார். நான் சாட்சி. ஒரு முறை அப்பா ஃபுட்பால் பார்த்துக்கொண்டிருந்தபோது சொன்னார், அப்பா “ஆமாலா, ஆமாலா” என்றார். ஒரு முறை காடியில் பிரிக்பீல்ட்ஸுக்குத் தீபாவளித் துணி எடுக்கப் போகும்போது சொன்னார், அப்பா பார்க்கிங் தேடிக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டில் ஒரு விஷயம் சொல்லப்படுவதற்கும் கேட்கப்படுவதற்கும் சம்பந்தமே கிடையாது.

“சரி, இப்ப கேட்டுட்டேன்,” என்றார் அப்பா.

அத்தை ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தார். திரும்பிப் பேசியபோது அது வேறு குரல். விமானங்களோடு பேசும் குரல்.

“இன்டர்வியூவுக்குப் போறேன். அவங்கள வரவேணாம்னு சொல்லிருங்க. வேல கெடச்சா எங்க போட்டாலும் போவேன். இப்ப திருப்பிச் சொல்லுங்கண்ணே.”

“என்னாது?”

“நான் சொன்னத திருப்பிச் சொல்லுங்க.”

அப்பா பெரியப்பாவைப் பார்த்தார். பெரியப்பா ஆர்வமாக முன்னால் நகர்ந்து உட்கார்ந்திருந்தார். “சொல்லுடா. அதான் ரூல்ஸு,” என்றார். ஒரே மத்தியானத்தில் அவர் கட்சி மாறியிருந்தார்.

“நீ இன்டர்வியூவுக்குப் போற. சாயந்திரம் அவங்க வராங்க,” என்றார் அப்பா.

“தப்புண்ணே. மறுபடி.”

“நீ இன்டர்வியூவுக்குப் போற. அவங்கள... வரவேணாம்னு சொல்றேன்.”

“அப்புறம்?”

“அவ்ளோதானே.”

“இல்லண்ணே.”

அப்பா ஜன்னலைப் பார்த்தார். எனக்கோ வகுப்பில் விடை தெரிந்த பிள்ளையின் அவஸ்தை. “நான் சொல்றேன், நான் சொல்றேன்,” என்று எழுந்தே விட்டேன். “எங்க போட்டாலும் போவேன். அத விட்டுட்டீங்கப்பா.”

“தெரியும்,” என்றார் அப்பா.

“அப்ப சொல்லுங்க.”

அப்பா “வேல கெடச்சா,” என்று ஆரம்பித்து நிறுத்தினார். மறுபடி ஆரம்பித்தார். “வேல கெடச்சா எங்க போட்டாலும் போற.”

“கரெக்ட்,” என்றார் அத்தை. அதைச் சொல்லும்போது அந்த விமானக் குரல் பாதியில் உடைந்து பழைய குரலாகிவிட்டது. நான் கை தட்டினேன். பெரியப்பாவும் தட்டினார்.

கீழே கருகிய பிரட்டலை எல்லோரும் நன்றாக இருக்கிறது என்று சொல்லிச் சாப்பிட்டோம். அப்பா மட்டும் சரியாகச் சாப்பிடவில்லை. அவ்வளவு சின்ன வாக்கியத்தை இந்த மனிதரால் நினைவில் வைக்க முடியவில்லையே என்று எனக்கு அவர் மேல் பரிதாபமாக இருந்தது. வெட்கத்தில்தான் சாப்பிடவில்லை என்று நினைத்து என் தட்டிலிருந்து ஓர் எலும்பை எடுத்து அவருக்கு வைத்தேன். லோரிக்கார மாப்பிள்ளையிடம் அப்பா பார்த்தது லோரியை அல்ல, அந்த வீடு நடக்கும் தூரத்தில் இருந்ததைத்தான் என்பது ஒன்பது வயதில் எப்படித் தெரியும்.

அத்தைக்கு அந்த முறை கிடைக்கவில்லை. அடுத்த முறை கிடைத்தது. கடல் தாண்டி, கூச்சிங்கில் போட்டார்கள்.

இப்போது அப்பா ஹாலில் உட்கார்ந்திருக்கிறார். டிவியை அணைத்துவிட்டார். போனில் கூச்சிங் வானிலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.