மீன் வாடை அடித்த ஐஸ் பெட்டி

தொண்ணூற்று மூன்றில் என் ஏழு வயது மகளுக்கு ரத்தப் புற்றுநோய். அவளுக்குப் போட்ட ஊசிமருந்து ஒரு நொதி. புற்றணுக்கள் தின்னும் சத்தை அது ரத்தத்திலேயே உடைத்து வேறொரு அமினோ அமிலமாக்கிவிடும், அணுக்கள் பட்டினியால் சாகும் என்றார் டாக்டர். அவற்றோடு சேர்ந்து என் மகளும் பட்டினி கிடந்தாள். கஞ்சியைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

அந்த மருந்தைச் சென்னையில் வாங்கி, ஐஸ் பெட்டியில் வைத்து விழுப்புரத்துக்குப் பஸ் ஏறினேன். குளிர்ச்சி போனால் மருந்து வீண். திண்டிவனத்தில் பஸ் பழுதாகி நின்றுவிட்டது. சித்திரை வெயில். பெட்டியைத் திறந்தால் வெறும் தண்ணீர்தான் இருந்தது.

நான் தவிப்பதைப் பார்த்து, பஸ் நிலையத்தில் கூடையோடு உட்கார்ந்திருந்த மீன்காரம்மா கேட்டார்.

"இன்னா சார் அது?"

"பொண்ணுக்கு மருந்தும்மா. ஐஸ் கரைஞ்சிடுச்சு."

மீன்மேல் கொட்டியிருந்த ஐஸை இரண்டு கையாலும் வாரிப் பெட்டியில் போட்டார்.

"ஐயோ, உங்க மீன் கெட்டுடுமே!"

"மீனு நாளைக்கும் வரும் சார். நீ ஜல்தியா வேற பஸ்ஸப் புடி."

ஆஸ்பத்திரியில் பெட்டியைத் திறந்ததும் வார்டு முழுக்க மீன் வாடை. நர்ஸ் மூக்கைப் பொத்திக்கொண்டார். என் மகள் மட்டும் எழுந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, மீன் கொழம்பு வேணும்."

இன்று அவள் முள் எடுத்துத் தன் மகனுக்கு ஊட்டுகிறாள். திண்டிவனத்தில் பஸ் நிற்கும்போதெல்லாம் நான் ஜன்னல் வழியே மீன்கூடைகளைத் தேடுகிறேன். அந்த அம்மாவின் பெயரைக்கூடக் கேட்காமல் ஓடியவன் நான். பாப்பா அன்றைக்குச் சோறு கேட்டாள் என்று அவரிடம் சொல்ல வேண்டும்.