டர்போவும் சிவப்பு பேஸ்டும்

எனக்கு இங்கிலீஷ் வாசிக்க வராது. உதிரிபாகத்தின் பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்லிவிடுவேன். வரி வரியாகப் போனால் தலை சுற்றும். எட்டாம் வகுப்போடு நின்றவன். இதை மறைக்கிற ஆள் இல்லை நான். அதனால்தான் ஆனையூரில் தங்கை வீட்டு கார் ஷெட்டில் அந்த டர்போ பெட்டியைப் பிரித்ததுமே மாப்பிள்ளையிடம் சொன்னேன்.

“மாப்ள, நீங்க புக்க வாசிங்க, நான் மாட்டுறேன். ஒரு வரி விடாம வாசிக்கணும்.”

“அவ்வளவுதான மச்சான். நீங்க கை, நான் கண்ணு.”

இப்போது நினைத்தாலும் அந்தப் பேச்சுக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மாப்பிள்ளை என் தங்கையின் கணவர். கம்ப்யூட்டர் கம்பெனி வேலை, வீட்டிலிருந்தே பார்க்கிறார். பெங்களூரில் யாரோ ஓட்டி அலுத்துப்போன இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கி வந்து, அதன் வேகம் பத்தாது என்று டர்போவுக்கு ஆர்டர் போட்டிருந்தார். நான் வாடிப்பட்டி ரோட்டில் பட்டறை வைத்திருக்கிறேன். டீசல் வண்டிகளின் டர்போவை எத்தனையோ தடவை கழற்றி மாட்டிய கை இது. ஆனால் டர்போவே இல்லாமல் பிறந்த பெட்ரோல் இன்ஜினுக்குப் புதிதாக ஒன்றை வைப்பது அதுதான் முதல் தடவை. ஒத்துக்கொண்ட நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

பயம் இதுதான். இன்ஜின் புகையின் வேகத்தில் டர்போவுக்குள் ஒரு சக்கரம் சுழலும். அது காற்றை இழுத்து இன்ஜினுக்குள் திணிக்கும். சூட்டில் அந்த இரும்பே சிவக்கும். அதன் நடுவில்தான் ஆயில் ஓட வேண்டும். ஒரு பக்கம் கசிந்து சூட்டில் சொட்டினால் தீ. மாப்பிள்ளையோ முதல் நாளே சொல்லிவிட்டார், “மொத சவாரி உங்க தங்கச்சிதான் மச்சான். அழகர்கோவிலு வரைக்கும் ஒரே அழுத்து.”

அந்த சீட்டில் உட்காரப்போவது என் தங்கை. மூன்று நாளும் என் மண்டையில் வேறு எதுவும் ஓடவில்லை.

அவர் வாசித்த லட்சணத்தைச் சொல்ல வேண்டும். ஒரு கையில் புத்தகம், ஒரு கையில் போன். ஒரு வரி வாசிப்பார், போன் அடிக்கும், பேசிவிட்டு வந்து இரண்டு பக்கம் தள்ளி வாசிப்பார். படத்தைக் காட்டி, “இத இங்க மாட்டணும், அம்புட்டுத்தான்” என்பார்.

“மாப்ள, அந்தக் கட்டம் போட்டிருக்கே, அது என்னது?”

“வார்னிங் மச்சான். யாராச்சும் கேஸ் போட்டுருவாங்கன்னு பக்கத்துக்குப் பக்கம் போட்டு வச்சிருப்பாய்ங்க.”

“அதையும் வாசிங்களேன்.”

“கை சுடும், கண்ணாடி போட்டுக்க, பிள்ளைங்கள தள்ளி வை. போதுமா? இம்புட்டு பயந்துக்கிட்டு எப்பிடி மச்சான் பட்டறை நடத்துறீங்க?”

சிரித்தார். நானும் சிரித்துத் தொலைத்தேன். தங்கையைக் கட்டியவரிடம் முகத்தைக் காட்ட முடியாதே. அந்தச் சிரிப்பை நினைத்தால் என்னையே அறையலாம் போலிருக்கிறது.

மூன்றாம் நாள் மதியம் ஆயில் குழாயை மாட்டினேன். டர்போவின் தலையில் ஒரு மிளகு நுழையும் அளவுக்குத்தான் துளை. குழாய் உட்காரும் இடத்தில் கசியாமல் இருக்க ஒரு தகடு கேஸ்கெட். எங்கள் பட்டறைகளில் கேஸ்கெட் என்றால் இரண்டு பக்கமும் சிவப்பு பேஸ்ட் தடவித்தான் மூடுவோம். ஊரில் ஓடுவதெல்லாம் பழைய வண்டி. கேஸ்கெட் உட்காரும் பரப்பு தேய்ந்திருக்கும், பேஸ்ட் இல்லாவிட்டால் கசியும். தொழிலுக்குப் போன முதல் வாரத்தில் கற்ற பாடம் அது. அன்றைக்குத் தங்கையை நினைத்துக்கொண்டு இன்னும் ஒரு சுற்று கூடத் தடவினேன். முடுக்கியபோது ஓரமெல்லாம் சிவப்பாகப் பிதுங்கி வந்தது. வெளியே வந்ததைத் துடைத்தேன்.

“லீக் ஆகாதுல்ல?”

“ஒரு சொட்டு வராது மாப்ள.”

வரவும் இல்லை. மறுநாள் காலை அரை மணி நேரம் ஓடவிட்டுக் குனிந்து பார்த்தேன். தரை காய்ந்து கிடந்தது.

அப்படியும் மனம் ஆறாமல், அவர்கள் கிளம்பியபோது என் பைக்கில் ஒரு சாக்கு மணலை வைத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். அழகர்கோவில் ரோட்டில் வீடுகள் குறைந்து வயல் வந்ததும் அவர் அழுத்தினார். வண்டி சிறு புள்ளியாகிவிட்டது. கொஞ்ச நேரத்தில், சாணைக்கல்லில் கத்தி பிடிக்கிற மாதிரி ஒரு கிரீச்சல் என் காதுக்கே எட்டியது. பின்னாலேயே நீலப் புகை, ரோட்டையே மூடிக்கொண்டு.

நான் போய்ச் சேர்ந்தபோது கார் ஓரத்தில் நின்றிருந்தது. “எறங்கு! எறங்கும்மா!” என்று கத்திக்கொண்டே கதவைத் திறந்து தங்கையை இழுத்தேன். ஒரு செருப்பு உள்ளேயே கிடந்தது. மணலைத் தூக்கிக்கொண்டு நின்றேன். தீ வரவில்லை.

மாப்பிள்ளை பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார்.

“என்ன மச்சான் வேலை பாத்துருக்கீங்க? விவரம் தெரிஞ்ச ஆள்ட்ட குடுன்னு ஆபீஸ்ல அப்பவே சொன்னாய்ங்க.”

வாயில் வந்ததை எழுத முடியாது. கையில் மணல் சாக்கு இல்லாமல் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேனோ. “வாசிக்கிறது உன் வேலைய்யா!” என்றுதான் கத்தினேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவரை நான் அப்படிப் பேசியதில்லை.

தங்கை எங்களைப் பார்க்கவேயில்லை. டாஷ்போர்டிலிருந்து அந்தப் புத்தகத்தை எடுத்து, ஒற்றைச் செருப்போடு ரோட்டோரம் நின்று புரட்டினாள். ஒரு பக்கத்தில் நின்றாள்.

“ஏழாம் பக்கம்,” என்று தமிழில் சொல்லிக்கொண்டே போனாள். “ஆயில் வர்ற வழில பேஸ்ட் எதுவும் தடவக் கூடாது. உள்ள பிதுங்கி ஓட்டைய அடைச்சிரும். ஆயில் போகாம டர்போ கெட்டுப்போகும். கட்டம் கட்டி, கொட்ட எழுத்துல போட்டிருக்கு.”

விரலை அந்தப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பினாள்.

“தெனம் அறுபது பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக் குடுக்குறேன். பள்ளிக்கூடம் லீவு, மூணு நாளா பத்தடி தள்ளி வீட்டுக்குள்ளதான இருந்தேன்? காப்பி குடுன்னு கூப்பிட மட்டும் ரெண்டு பேருக்கும் வாய் வந்துச்சு.”

அவள் மிஷன் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சர். எனக்குத் தெரியாதா? அவள் படிக்கட்டும் என்று நான் எட்டாம் வகுப்போடு நின்றேன் என்று சொல்ல ஆசைதான். அது பொய், எனக்குப் படிப்பு ஏறவில்லை. அவள் பாதுகாப்புக்காக மூன்று நாள் தூங்காமல் கிடந்தவன், அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கார் வேலை என்றால் ஆம்பளை வாசிக்க வேண்டும் என்று எனக்கு யார் சொன்னது?

வண்டியைக் கட்டி இழுத்து வந்து டர்போவைக் கழற்றினேன். அந்த மிளகுத் துளையில் சிவப்பு ரப்பர் சுருள் ஒன்று அடைத்துக்கொண்டிருந்தது. நான் தடவிய பேஸ்ட்தான், காய்ந்து ரப்பராகியிருந்தது.

வேறு டர்போ வந்தது. முக்காலியில் தங்கை உட்கார்ந்தாள். மாப்பிள்ளை டார்ச் பிடித்தார். போன் அடித்தபோது எடுக்கவில்லை.

“எங்க இருந்து வாசிக்கண்ணே?”

“அட்டைல இருந்து.”

ஒவ்வொரு வரியையும் அவள் இரண்டு தடவை சொன்ன பிறகுதான் ஸ்பேனரை எடுத்தேன். பேஸ்ட் டியூப் ஷெட் பக்கமே வரவில்லை. எல்லாம் முடிந்ததும் மாப்பிள்ளை அவளுக்காகக் கதவைத் திறந்து பிடித்தார். அவள் புத்தகத்தை மூடினாள்.

“நான் ஏற மாட்டேன். மாட்டுனவரும் ஓட்டுறவரும் மொதல்ல போயிட்டு வாங்க.”

ஏறி உட்கார்ந்தேன், கால்களுக்கு நடுவில் மணல் சாக்கோடு.

“அது எதுக்கு மச்சான் இன்னும்?” என்றார் மாப்பிள்ளை.

சாக்கை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அழகர்கோவில் போய்த் திரும்பும் வரை அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. வண்டி நன்றாகத்தான் போனது. அதுவும் எரிச்சலாக இருந்தது.