ஜக்கெற்றின் முதுகில் இருந்த பெயர்

டிலானி, ஜூட், பிள்ளைகளே! நான் வேலை ஜக்கெற்றை உட்புறம் வெளியே தெரியப் புரட்டிப் போட்டுக்கொண்டு ரெயினில் வருவது உங்களுக்கு வெட்கமாக இருக்கிறது. போன கிழமை ஹவுகெட்டோ ஸ்ரேசனில், "அப்பா, ஆக்கள் பாக்கினம், ஒழுங்காப் போடுங்கோ" என்று நீங்கள் சொன்னபோது, குளிருக்கு இப்படித்தான் நல்லது என்று பொய் சொன்னேன். அந்த ஜக்கெற்றின் முதுகில் கொம்பனியின் பெயர் இருக்கிறது. ஸெய்லோ.

அதை எனக்கு முதலில் வேறு மாதிரி வாசித்துக் காட்டியவர் லாம். ஹொங்கொங்கிலிருந்து வந்தவர், என்னிலும் பத்து வயது மூத்தவர். எல்லிங்ஸ்ருட்டில் ஒரு முதியோர் இல்லத்தில் நாங்கள் இருவரும் துப்புரவு வேலை செய்தோம். பேசியதெல்லாம் உடைந்த நொர்வேஜிய மொழி. அவருடைய கன்ரனீஸ் மொழியில் 'ஸெய் லோ' என்றால் செத்த மனிசன். மனைவிமார் கோபத்தில் புருசனைத் திட்டுகிற சொல்லாம்.

"முப்பது வருசமா என்ரை மனிசி என்னை இப்பிடித்தான் கூப்பிடுறாள். தப்பி வேலைக்கு வந்தா, இஞ்சை முதுகிலையே எழுதி விட்டிருக்கிறாங்கள்" என்றார். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு காலையும், "ஸெய் லோ, வாளியைக் கொண்டா" என்று நான்தான் அவரைச் சீண்டுவேன்.

ஒரு வியாழக்கிழமை நடைபாதையில் அப்படிச் சிரித்துக்கொண்டு நின்றோம். பக்கத்து அறையில் ஒரு கிழவர் கடைசி நாட்களில் கிடந்தார். அவருடைய மகள் வெளியே வந்து, என்ன சிரிப்பு என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. தானும் கொஞ்சம் சிரிக்கலாம் என்று நினைத்திருப்பார் போல. லாம் கள்ளமில்லாத மனிதர். முதுகைத் திருப்பி, பெயரைத் தொட்டுக் காட்டி, அர்த்தத்தைச் சொன்னார். அந்தப் பெண் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

அடுத்த கிழமை மேலாளர் என்னைக் கூப்பிட்டார். மேசையில் ஒரு தாள். "வாசிச்சுப் பாருங்கோ, அவசரமில்லை" என்று சொல்லிப் பேனையையும் வைத்தார். நான் கதிரையில் இருக்கக்கூட இல்லை. நின்றபடியே கையெழுத்துப் போட்டேன். அவர் ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு, பிரதி ஒன்றை என்னிடம் தந்தார்.

பிள்ளைகளே, மன்னாரில் ஆமிக்காரர் சென்றிகளில் மறித்து எங்களுக்கு நீட்டிய தாள்கள் எல்லாம் சிங்களத்தில் இருந்தன. இதில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்கு முன்னால் நின்ற ஒருவர் கேட்டார். அவரை வரிசையிலிருந்து விலத்தி இருத்தினார்கள். நான் கையெழுத்தைப் போட்டுவிட்டுக் கடந்து போனேன். திரும்பி வரும்போது அவர் அந்த இடத்தில் இல்லை. அதற்குப் பிறகு தாளைக் கண்டால் என் கை தானாகவே ஓடும். இங்கே ஒருவரும் துவக்கு வைத்திருக்கவில்லை. நேரம் எடு என்றுதான் சொன்னார்கள்.

நோயாளியின் மகளுக்கு முன்னால் லாம் மட்டும் சாவைப் பற்றிப் பகிடி விட்டதை நான் கண்டதாக அந்தத் தாளில் இருந்ததாம், பிறகுதான் வேலையிடத்தில் சொன்னார்கள். லாமின் வேலை போனது.

பிறகு ஒருமுறை ஹவுகெட்டோவில் அவரைக் கண்டேன். என் ஜக்கெற்றைப் பார்த்தார்.

"அந்தோனி, நீயும் சிரிச்சனி."

"ஓம்" என்றேன். அவருடைய ரெயின் வந்தது. அன்றிலிருந்துதான் ஜக்கெற்றைப் புரட்டிப் போடுகிறேன். துரொண்ட்ஹெய்முக்குக் குடும்பத்தோடு போய்விட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

இன்று காலை இதுவரை எழுதி முடித்தபோது நீங்கள் பள்ளிக்கூடம் போய்விட்டிருந்தீர்கள். பாஸ்போர்ட்டுகளோடு வைத்திருந்த, மேலாளர் தந்த அந்தப் பிரதியை எடுத்தேன். கதிரையில் இருந்துகொண்டு, டிலானியின் பழைய நொர்வேஜிய அகராதியை விரித்து, ஒவ்வொரு சொல்லாக, வாய்விட்டு முழுவதையும் வாசித்தேன். மத்தியானம் ஆகிவிட்டது. அடியில் என் பெயர், அவர்களுடைய எழுத்தில். அதற்குப் பக்கத்தில், இடம் காணாமல் நெருக்கி, தமிழில் எழுதினேன்: நானும் சிரித்தேன்.