ஸ்கேல் வைத்து அடித்த பக்கங்கள்

என் மேசை இழுப்பறையில் ஓர் அடி நீள ஸ்டீல் ஸ்கேல் ஒன்று கிடக்கிறது. ஒரு முனையில் ஊதா மைக் கறை. மறுமுனையில் காம்பஸ் முள்ளால் கீறிய சின்ன நட்சத்திரம். அது என்னுடையது இல்லை, பெரியப்பா மகளுடையது. என்னைவிட மூன்றே மாதம் மூத்தவள். அந்த மூன்று மாதத்துக்காக வாழ்நாள் முழுக்க அவளை அக்கா என்று கூப்பிட வேண்டியதாகிவிட்டது. ஒரே வகுப்பில் உட்கார்ந்துகொண்டு “அக்கா, ரப்பர் குடு” என்று கேட்கிற கொடுமை எனக்குத்தான் தெரியும். பிளஸ் டூ கணக்குத் தேர்வு முடிந்து எல்லோரும் எழுந்தபோது அந்த ஸ்கேலை அவள் பெஞ்சிலேயே விட்டுவிட்டுப் போனாள். நான் எடுத்து வைத்துக்கொண்டேன். அவள் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது.

தொண்டாமுத்தூரில் எங்கள் இரண்டு வீடுகளும் ஒரே தென்னந்தோப்புக்குள் இருந்தன. தினமும் பஸ்ஸில் கோயம்புத்தூருக்கு வந்து படித்தோம். அக்கா வகுப்பில் முதல் மாணவி. நான் ‘எப்படியும் பாஸாயிருவா’ என்று டீச்சர்கள் கைகழுவிவிடுகிற ரகம். அவள் பாடத்தைப் படித்ததைவிடத் தேர்வு எழுதுவது எப்படி என்பதைத்தான் அதிகம் படித்தாள் என்று இப்போது தோன்றுகிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் தோப்புக் கிணற்று மோட்டார் ரூமில் ஒரு பழைய கேள்வித்தாளை வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் உட்கார்ந்துவிடுவாள். கடிகாரத்தோடு பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் சூப்பர்வைசர் வேலை எனக்கு. கை ஓயாமல் இருக்கும்போதே பத்து மதிப்பெண் கேள்விகளை முடித்துவிட வேண்டும். ஒரு மதிப்பெண் கேள்விகள் கை வலிக்கும் நேரத்துக்கு. விடையைச் சுற்றிக் கட்டம் போட வேண்டும். திருத்துகிறவர் நல்லதாகப் பார்த்து எடுத்துக்கொள்வார் என்பதால் எப்போதும் ஒரு கேள்வி கூடுதலாக எழுத வேண்டும். அப்போதெல்லாம் அடிஷனல் ஷீட்டுகளை வெள்ளை நூலால் நாமே கோத்துக் கட்ட வேண்டும். அந்த முடிச்சைக்கூட அவள் நேரம் பார்த்துப் பழகினாள். “இருபத்தி ரெண்டு செகண்டு” என்று நான் சொன்னால், “இன்னொருக்கா” என்று அவிழ்த்துவிடுவாள். எனக்குச் சிரிப்பாகவும் எரிச்சலாகவும் இருக்கும்.

அவள் அப்படி உயிரைக் கொடுத்ததற்குக் காரணம் இருந்தது. பெரியப்பா வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் ஒரே பேச்சாகச் சொல்லிக்கொண்டிருந்தார்: “கவர்மெண்ட் எஞ்சினீரிங் காலேஜுல சீட்டு கெடைச்சாப் படிக்கட்டுமுங்க. இல்லீன்னா ஒரு நல்ல எடமாப் பாத்து முடிச்சுப்போடலாமுங்க.” அவர் கெட்டவர் இல்லை. அவருக்குத் தெரிந்த கணக்கு அவ்வளவுதான். ஆக அக்காவின் படிப்பு முழுவதும் அந்த ஒரு சீட்டில் தொங்கியது. சீட்டுக்கு வேண்டிய கட் ஆஃபை அவள் விரல் நுனியில் வைத்திருந்தாள். கணக்கில் இருநூற்றுக்கு இருநூறு, எங்கள் பேச்சில் சென்டம், வாங்கியே ஆக வேண்டும். ஒன்று குறைந்தாலும் அவளுக்கு அது மார்க் இல்லை.

டியூஷன் பிள்ளைகளிடையே அந்தக் காலத்தில் ஒரு குறுக்குவழி உலவியது. ஒருமுறை தேறிவிட்டால் மதிப்பெண்ணைக் கூட்டுவதற்காக மறுபடி எழுத முடியாது. தோற்றவர்கள் மட்டுமே எழுதலாம். அதனால் தேர்வு சரியாகப் போகவில்லை என்று தெரிந்தால், எழுதிய விடைகளையெல்லாம் குறுக்கே கோடு போட்டு அடித்துவிட்டு வந்துவிடுவது. வேண்டுமென்றே தோற்றுவிட்டு அடுத்த முறை சென்டம் வாங்கலாம் என்ற கணக்கு. நூற்றெண்பதும் நூற்றுத்தொண்ணூறும் வாங்கக்கூடிய பிள்ளைகள்தான் அதைச் செய்வார்கள். என்னைப் போன்றவர்களுக்கு அப்படி ஒரு யோசனை கனவிலும் வராது.

எங்கள் இருவருக்கும் குலதெய்வத்தின் பெயர். பின்னால் ஒரு எழுத்துத்தான் வித்தியாசம். அதனால் தேர்வு எண்கள் அடுத்தடுத்து வந்தன. எல்லாத் தேர்விலும் அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே நான் எழுதினேன். கணக்குத் தேர்வன்று அவள் பேனா நிற்கவே இல்லை. நான்கைந்து முறை அடிஷனல் ஷீட் வாங்கினாள். கடைசிப் பத்து நிமிடத்துக்கான மணி அடித்தபோது நூலை முடிந்துவிட்டு, கேள்வித்தாளை எடுத்துப் பென்சிலால் ஒவ்வொரு எண்ணாகச் சரிபார்த்தாள். கடைசிப் பக்கம் வந்ததும் பென்சில் நின்றது. கழுத்து அப்படியே விறைத்துப் போனது. பிறகு ஸ்கேலை எடுத்தாள்.

எழுதாத வெறும் பக்கங்களைக் கோடு போட்டு அடிப்பது எல்லோரும் செய்வதுதான். ஹால் சூப்பர்வைசராக இருந்த மேடம் அப்படித்தான் நினைத்திருப்பார். ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார். ஆனால் எனக்கு அவள் தோளுக்கு மேலாகத் தெரிந்தது. அது முதல் பக்கம். முழுக்க எழுதிய பக்கம். மேல் மூலையிலிருந்து கீழ் மூலைக்கு ஸ்கேலைச் சாய்த்து வைத்து, ஒரே கோடு. பக்கத்தைப் புரட்டினாள். மறுபடி ஸ்கேலை வைத்து, முனைகள் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்து, இன்னொரு கோடு. அடிப்பதைக்கூட இப்படி நறுவிசாகச் செய்கிறாளே என்று நினைத்தேன்.

நான் கையைத் தூக்கி “மேடம்” என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். இரண்டு பக்கம் போயிருக்கும், மீதி தப்பியிருக்கும். ஹாலில் பேசினால் மால்பிராக்டிஸ் என்று தூக்கிவிடுவார்கள், அதனால்தான் பேசவில்லை என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மூன்று மாதம் மூத்த அந்த முதுகுக்குப் பின்னாலேயே பன்னிரண்டு வருஷம் உட்கார்ந்திருந்தவள் நான். ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு பாடத்தில், அவளைவிட எனக்குக் கூட வரப்போகிறது என்று மனசு சொன்னது. பேனாவைக் கையில் பிடித்தபடி மணி அடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். இதை எழுதும்போது இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

உக்கடத்தில் பஸ் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அவள் வாயைத் திறந்தாள். “கட்டாயக் கேள்வியை உட்டுப்போட்டேன். கூடுதலா ஒண்ணு எழுதுனதுல அது எழுதியாச்சுன்னு நெனச்சுப்போட்டேன்.” சாய்ஸே இல்லாத அந்த ஒரு கேள்வியில் பத்து மதிப்பெண் போனது. “நூத்தித்தொண்ணூறு வாங்கி நான் என்ன பண்றது? எல்லாத்தையும் அடிச்சுப்போட்டேன். ஊட்டுல சொல்லிப்போடாதே.” நான் “ஐயையோ!” என்றேன், அந்த நிமிடம்தான் தெரிந்தவள் மாதிரி. ஸ்கேல் என் பைக்குள் இருந்தது.

தேர்வு முடிவு வரும்வரை பெரியப்பா ஊரெல்லாம் சென்டம் என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். முடிவு வந்தன்று பிரவுசிங் சென்டரில் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் நின்றவரும் அவர்தான். எனக்குக் கணக்கில் நூற்று ஐம்பத்து நான்கு. அக்காவின் எண்ணைத் தட்டியபோது கணக்குக்கு நேரே ஒற்றை இலக்கம் வந்தது. “நெம்பரைத் தப்பா அடிச்சுப்போட்டீங்களாட்ட இருக்குதுங்க, இன்னொருக்காப் பாருங்க” என்று மூன்று முறை பார்க்கச் சொன்னார். மறுகூட்டலுக்கு எழுதிப் போட்டார். அதற்குப் பதில் வருவதற்குள் தேர்வுத்துறையிலிருந்து வேறொரு கடிதம் வந்தது. சொந்த விடைகளைத் தானே அடித்தது ஒழுங்கீனம், விளக்கம் தர வேண்டும், அடுத்த தேர்வை எழுத முடியாது. அக்காவின் கணக்கில் இது இல்லை. பெரியப்பா கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தென்னைக்குத் தண்ணி கட்டப் போனார். மூன்றாம் நாள் ஈரோட்டில் விசைத்தறி வைத்திருந்த ஒரு குடும்பத்திலிருந்து ஜாதகம் வந்தது. ஆவணியில் கல்யாணம். பிற்பாடு குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டுப் போய் அந்தக் கணக்குத் தேர்வை எழுதித் தேறினாள். எவ்வளவு மார்க் என்று நான் கேட்டதில்லை.

நான் பி.எஸ்ஸி. கணக்கு, பிறகு பி.எட்., இப்போது பிளஸ் டூவுக்குக் கணக்கு டீச்சர். அவள் உட்கார வேண்டிய நாற்காலியில் நான் உட்கார்ந்திருப்பதாகச் சில நாள் தோன்றும். விடைத்தாள் இப்போது புத்தகமாகத் தைத்தே வருகிறது, நூலும் இல்லை முடிச்சும் இல்லை. பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுக்கும் தேர்வு முறைகள் எல்லாமே மோட்டார் ரூமில் கற்றவை. கட்டாயக் கேள்வியை முதலில் எழுதுங்கள் என்பதை மட்டும் நான் சேர்த்திருக்கிறேன்.

போன தை மாதம் அக்கா தன் மகளோடு வந்திருந்தாள். மகள் பிளஸ் டூ. ஏதோ சந்தேகம் கேட்க வேண்டுமாம். அந்தப் பெண் கூடத்தில் கணக்குப் போட்டுக்கொண்டிருக்க, நாங்கள் இருவரும் சமையலறையில் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தோம். நான் எழுந்து போய் இழுப்பறையிலிருந்து ஸ்கேலை எடுத்து வந்து அவள் முன்னால் வைத்தேன்.

“அக்கா, அன்னைக்கு நீ அடிச்சதை நான் மொதப் பக்கத்துல இருந்தே பாத்தேன். பஸ்ஸுல தெரியாதவளாட்ட நடிச்சுப்போட்டேன்” என்றேன்.

அவள் நிமிரவில்லை. “தெரியும் அம்மணி” என்றாள். “உன்ற பேனா எனக்குப் பின்னாடி கரகரன்னு எழுதிட்டே இருந்துச்சு. நான் மொதக் கோடு போட்டதும் நின்னுபோச்சு.”

ஒரு காயை முழுசாக உரித்து முடித்துவிட்டுத்தான் அடுத்ததைச் சொன்னாள்.

“கையில கிறுக்குனா ரெண்டு நிமிசத்துல முடிஞ்சிருக்குமல்லோ? ஸ்கேல் வெச்சு எதுக்கு அடிச்சேன்னு நெனச்சே? நீ மேடத்தக் கூப்புடுவேன்னு ஒவ்வொரு பக்கத்துக்கும் பாத்தேன்.”

அழுதேன். அவள் அழவில்லை. “அட, உடு கண்ணு. அடிச்சவ நானு” என்றாள். ஸ்கேலை எடுத்துத் திருப்பி அந்த நட்சத்திரத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டு என் பக்கமே நகர்த்தினாள். “நீயே வெச்சுக்க. பரீட்சை ஹாலுக்குப் போறது நீதானே.”

இந்த வருஷக் கணக்குத் தேர்வுக்கு எனக்கு ஹால் டியூட்டி வேறொரு பள்ளியில். ஸ்கேலைப் பையில் போட்டு எடுத்துப் போயிருந்தேன். கடைசிப் பத்து நிமிட மணி அடித்ததும் மூன்றாம் வரிசையில் ஒரு பெண் ஸ்கேலை எடுத்து விடைத்தாளின் குறுக்கே சாய்த்து வைத்தாள். நான் எப்படி அங்கே போனேன் என்று தெரியவில்லை. என் கை அவள் ஸ்கேலின் மேல் இருந்தது. “காட்டு கண்ணு” என்றேன். பயந்துபோய்த் தாளை என் பக்கம் திருப்பினாள். வெறும் பக்கம். முன்பக்கங்களையும் புரட்டிக் காட்டச் சொன்னேன். எல்லாம் எழுதியபடியே இருந்தன. “சரி, அடி” என்று கையை எடுத்தேன். அவள் கோட்டை அடித்து முடித்து, ஸ்கேலைப் பெட்டிக்குள் வைத்து மூடும்வரை அங்கேயே நின்றேன்.