பெருவிரலால் மறைத்த முகம்

எண்பத்தாறாம் ஆண்டுக் குளிர்காலம். அகதியாக வந்து சேர்ந்த நகரத்தில், மல்வேர்ன் போகும் பஸ்ஸில், முன்பின் தெரியாத தமிழர் ஒருவர் எனக்குப் பக்கத்தில் இருந்தார். நரைத்த தாடி, யாரோ கொடுத்த பெரிய ஜக்கெற், மடியில் நூலகத்து ஓவியப் புத்தகம். சிலுவையிலிருந்து இறக்கிய மகனை மாதா மடியில் ஏந்தியிருக்கும் படம் வரும்போதெல்லாம், அவருடைய பெருவிரல் மாதாவின் முகத்தை மறைத்தது. பக்தியாக்கும் என்று நினைத்தேன்.

"அந்தக் காலத்து இத்தாலிக்காரர் பிணங்களை வெட்டிப் படிச்சுத்தான் அண்ணை, யேசுவின்ரை உடம்பைப் படத்திலை இப்பிடிக் கீறினவை," என்றேன்.

"ஓம், தெரியுது. செத்த பிள்ளையின்ரை கை இப்பிடித்தான் தொங்கும். தாயைத்தான் பிழையாக் கீறிப்போட்டாங்கள். என்ரை மனிசி இப்பிடி அமைதியா இருக்கேல்லை."

அடுத்த தரிப்பில் இறங்கிப் போய்விட்டார்.

நாங்கள் போகும் தேவாலயத்திலும் அந்த அமைதியான மாதா இருக்கிறாள். அவள் முகத்தைப் பார்த்துச் செபம் சொல்ல இன்றுவரை எனக்கு வாய் எழவில்லை.