மீட்டர் மச்சான்

வழியில் சாப்பிட நிறுத்தினால் மற்றவர்கள் கை கழுவக் குழாயைத் தேடுவார்கள். மச்சான் மீட்டரைத் தேடுவார். கடைக்குப் பின்பக்கம் போய், சுவரோரம் குனிந்து, கட்டைவிரலால் கண்ணாடியின் புழுதியைத் துடைத்து, எண்ணை ஒரு முறை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவார். "நல்லா ஓடியிருக்கு மாப்ள. தைரியமா சாப்பிடலாம், தட்டைக் கழுவுறானுங்க" என்பார். அந்தச் சான்றிதழ் கிடைக்காத கடையில் நாங்கள் பிஸ்கட்டோடு நிறுத்திக்கொள்வோம்.

என் அக்காவின் கணவர். இருபத்தாறு வருடமாக நகராட்சிக்குத் தண்ணீர் மீட்டர் ரீடிங் எடுக்கிறார். ஒரு நாளைக்கு நூற்றிருபது வீடு, நூற்றிருபது தடவை குனிந்து நிமிர்வது. முட்டி இரண்டும் இப்போது இவர் பேச்சைக் கேட்பதில்லை. காரில் ஏறும்போது முதலில் உட்கார்ந்து, அப்புறம் கால்களை ஒவ்வொன்றாகக் கையால் தூக்கி உள்ளே வைப்பார். யாரோ ஒருவரின் சாமானை ஏற்றுவது போல இருக்கும். வருடத்துக்கு மூன்று நான்கு முறை அந்தக் கால்களோடுதான் எட்டு மணி நேரம் ஓட்டுகிறார். மகள் ஓர் ஊரில் படிக்கிறாள், மகன் இன்னோர் ஊரில். இரண்டு பேரையும் ஒரே ஊரில் சேர்த்திருக்கக் கூடாதா என்று கேட்டேன். "என்னைக் கேட்டா சேர்ந்தாங்க?" என்றார்.

இந்த முறை ஒரு கல்யாணமும் சேர்ந்துகொண்டது, அக்காவின் சிநேகிதி மகளுக்கு. போகிற வழியில் பிள்ளைகளை அள்ளிப் போட்டுக்கொண்டு போய், வருகிற வழியில் இறக்கிவிடுவதாக ஏற்பாடு. பின்சீட்டில் அக்கா, பெட்டிகள், மடிப்புக் கலையக் கூடாத துணிகள். துணி ஜன்னலோரம் தொங்கியதால் மச்சான் எப்போது திரும்பிப் பார்த்தாலும் ரோட்டுக்குப் பதில் ஒரு கை தெரிந்தது, சட்டைக் கை. முன்சீட்டில் நான், வழி சொல்வதற்கு. நான் சொன்ன வழியில் அவர் போனதாகச் சரித்திரம் இல்லை.

மச்சானுக்கு வீடுகளை எண்களால்தான் தெரியும். மூலை வீட்டுக்கு மருமகள் வந்தது, எதிர்வீட்டுப் பையன் வேலை கிடைத்துப் போனது, மாடி வீட்டில் குழந்தை பிறந்தது எல்லாம் மீட்டரில் ஏறிவிடும். ஆனால் வாயைத் திறக்க மாட்டார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரே ஒரு முறை திறந்தார். பிரசவத்துக்குத் தாய்வீடு போய்த் திரும்பியிருந்த ஒரு பெண்ணிடம், "ரெண்டு மாசமா வீடு பூட்டியிருந்துச்சாம்மா? மீட்டர் நகரவே இல்லையே" என்று கேட்டுவிட்டார். அந்த இரண்டு மாதமும் தான் வீட்டைவிட்டு எங்கும் போகவில்லை என்று கணவன் அவளிடம் சொல்லியிருந்தான். அந்தக் குடும்பம் அப்புறம் சேர்ந்து இருக்கவில்லை.

"அன்னைக்கோட சரி மாப்ள. ரீடிங் எடுக்கறதோட நம்ம வேலை முடிஞ்சுது. மத்தத அவங்கவங்க வாயாலதான் சொல்லணும்."

முதலில் மகளை ஏற்றினோம். "சாப்டியா?" "சாப்டேன்." "எல்லாம் சரிதானே?" "சரிதான்பா." நான்கு மாதத்துக்கான பேச்சு அதோடு முடிந்தது. காதில் ஏதோ ஒன்றைச் செருகிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள்.

மகன் இருப்பது ஒரு வீட்டின் பின்பக்கத்து ஒற்றை அறையில். தனி வாசல், தனிக் குளியலறை, தனி மீட்டர். நாங்கள் போனபோது தரை ஈரம்கூடக் காயவில்லை. புத்தகங்கள் உயர வரிசையில் நின்றன, சட்டைகள் கொடியில் ஒரே பக்கம் பார்த்தன. அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. "வீட்ல ஒரு டம்ளரை எடுத்து வைக்க மாட்டான். எவ்வளவு பொறுப்பு வந்துடுச்சு பாருங்க" என்று கணவரைத் தேடினாள். கணவர் அங்கே இல்லை. மகள் தன் அண்ணனை ஒரு முறை பார்த்துவிட்டுப் போனைப் பார்க்கத் தொடங்கினாள்.

மச்சான் பின்சுவரோரம் மண்டியிட்டிருந்தார். எழுந்திருக்க முடியவில்லையோ என்று நான் கை நீட்டினேன். பிடித்துக்கொள்ளவில்லை.

"குடி வச்ச அன்னைக்கு நானூத்திப் பன்னெண்டு மாப்ள."

"இப்ப எவ்வளவு மச்சான்?"

"நானூத்திப் பன்னெண்டு. ஒருத்தன் குளிச்சுத் துவைச்சா மாசம் மூணு யூனிட் ஏறும். நாலு மாசம் ஆச்சு. சின்ன முள்ளு மட்டும்தான் கொஞ்சம் நகர்ந்திருக்கு. அது இன்னைக்குத் தரை கழுவின தண்ணி."

மீட்டர் பழுதாகியிருக்கும் என்றேன். அவர் பக்கத்தில் இருந்த குழாயைத் திறந்தார். சிவப்பு முள் சுறுசுறுப்பாகச் சுற்றியது. மூடினார், நின்றது. குழாய் சொட்டாமல் இருக்கிறதா என்று இன்னொரு முறை இறுக்கிப் பார்த்தார்.

அறையைப் பெருக்கி, கழுவி, புத்தகத்தை அடுக்கி, எல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்தவன், தான் யார் பிள்ளை என்பதை மறந்துவிட்டான். வேறு எந்த அப்பாவாக இருந்தாலும் தப்பித்திருப்பான். இங்கே இல்லையென்றால் எங்கே இருக்கிறான், காலேஜுக்குப் போகிறானா, யாரோடு இருக்கிறான், நேரத்துக்குச் சாப்பிடுகிறானா? "கூப்பிட்டுக் கேட்டுடுங்க மச்சான்" என்றேன்.

"கேட்டா பொய் சொல்லுவான். சொல்லிட்டான்னா அப்புறம் அதைக் காப்பாத்திக்கிட்டே இருக்கணும் அவன். வேணாம். அவனா சொல்லட்டும். அக்காகிட்ட மூச்சு விடாத."

கல்யாண மண்டபத்தில் கேள்வி கேட்க ஆளுக்குப் பஞ்சமா? எந்த வருஷம், எத்தனை மார்க், அடுத்து என்ன. பையன் ஒவ்வொருவருக்கும் சிரித்துக்கொண்டே பதில் சொன்னான். காலையில் எட்டு மணிக்கெல்லாம் வகுப்புக்குப் போய்விடுவேன் என்று ஒருவரிடம் சொன்னபோது மச்சான் அடுத்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். "குடுத்து வச்சவங்க நீங்க" என்று அந்த மனிதர் இவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "ஆமாங்க" என்றார் மச்சான். முதல் நாள் முழுக்க ஓட்டி வந்த களைப்பு முகத்தில் அப்பியிருந்ததால் யாருக்கும் வேறெதுவும் தெரியவில்லை. எனக்கு அந்த இடத்தில் உட்கார முடியவில்லை, எழுந்து வெளியே போய்விட்டேன்.

வெளியே போனதால்தான் மற்றதைப் பார்த்தேன். மச்சான் பையனை வாசலுக்கு அழைத்து வந்தார். "வாடா, டயர்ல காத்து இருக்கான்னு பாத்துட்டு வந்துடலாம்." இரண்டு பேரும் காரைச் சுற்றி வந்தார்கள். மச்சான் ஒவ்வொரு டயரையும் காலால் தட்டி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் வேண்டியதற்கு மேல் நேரம் நின்றார். பையன் போனைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஒன்றும் நடக்கவில்லை, உள்ளே போனார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு மறுபடியும் அழைத்து வந்தார். கிளம்பும் முன் மூன்றாவது முறை. அந்த முறை பையன், "அப்பா" என்று ஆரம்பித்தான். மச்சான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றதை நான் தூரத்திலிருந்து பார்த்தேன். "ஒண்ணுமில்லப்பா, காத்து சரியாத்தான் இருக்கு" என்று அவன் முடித்தான்.

திரும்பும்போது அக்கா ஒரு பெட்டியின் மேல் சாய்ந்து தூங்கினாள், அவள் மேல் மகள் சாய்ந்து தூங்கினாள். மச்சான் முதுகுக்கு ஒரு துண்டைச் சுருட்டி வைத்துக்கொண்டு ஓட்டினார். நடுவில் ஓர் இடத்தில் நான் ஓட்டட்டுமா என்று கேட்டேன். "பரவால்ல மாப்ள, உக்காந்திருந்தா நினைப்புதான் ஓடும்" என்றார்.

மத்தியானம் மூன்று மணிவாக்கில் அந்தப் பிரிவு வந்தது. வலப்பக்கம் திரும்பினால் பையனின் காலேஜ், அந்த ஒற்றை அறை. நேரே போனால் எங்கே போகும் என்று எனக்குத் தெரியாது. மச்சான் தூரத்திலேயே வலப்பக்க இண்டிகேட்டரைப் போட்டுவிட்டார். ஆனால் திரும்பவில்லை. ஓரமாக ஒதுக்கி நிறுத்தினார். வண்டி நின்ற பிறகும் இண்டிகேட்டர் டிக் டிக்கென்று அடித்துக்கொண்டே இருந்தது.

"ஏங்க நின்னுட்டீங்க?" என்றாள் அக்கா, கண்ணைத் திறக்காமல்.

"சும்மாதான். நீ தூங்கு."

அப்புறம், திரும்பிப் பார்க்காமல், ரோட்டைப் பார்த்தபடியே கேட்டார். "தம்பி, உன்னை எங்க இறக்கிவிடட்டும்?"

"ரூம்லதான்பா."

"சரிப்பா."

சரி என்றாரே தவிர கியரைத் தொடவில்லை. ஒரு லாரி எங்களைக் கடந்து போனது. பின்னாலேயே ஒரு பஸ் போனது. நான் முன்கண்ணாடியில் ஒட்டியிருந்த பூச்சியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நேராப் போங்கப்பா" என்றான் பையன். குரல் அவனுடையது போலவே இல்லை.

மச்சான் கையை நீட்டி இண்டிகேட்டரை அணைத்தார்.